அப்பாவின் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளில் பெயிண்டைக் கழற்றுவது எப்படி? உலோகம், பிளாஸ்டிக், ரெசின் மூன்றும் கலந்து இருக்கிறது

கருங்கல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் எங்கள் வீடு. அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். 1964-இல் ஏறியவர் 1990-இல்தான் முழுசாக இறங்கினார். ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் ஏதாவது ஒரு துறைமுகத்துப் பழைய சாமான் கடையிலிருந்து குட்டிப் பொம்மைகள் கொண்டுவருவார். எல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் கிடக்கும். டிசம்பர் பிறந்தால் டின் திறக்கும், அத்தனையும் குடிலுக்குள் போகும். ரயில் நிலையத்தில் நிற்க வேண்டியவர்கள் பெத்லகேம் ஊர்க்காரர்கள் ஆவார்கள். சிப்பாய்கள் இடையர்கள் ஆவார்கள். அதற்காக அப்பா வருடா வருடம், கேட்டுக்கு அடித்து மிச்சம் இருக்கிற எனாமலை எடுத்து எல்லாவற்றுக்கும் ஒரு கோட் கொடுப்பார். இருபது முப்பது கோட் ஏறி, இப்போது ஒன்றுக்கும் கண் மூக்கு தெரியவில்லை.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் வாங்கிவந்த நாளில் இருந்த மாதிரி அவற்றைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. டின்னில் இருப்பவை: கனமான உலோகச் சிப்பாய்கள் 11, இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் பிளாஸ்டிக் ஆட்கள் 24, வளைகிற பிளாஸ்டிக்கில் ஆடு மாடு 9, அண்ணன் 2009-இல் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ரெசின் செட் (மாதா, சூசையப்பர், பாலன், இரண்டு ராஜாக்கள்), பிளாஸ்டர் ஒட்டகம் ஒன்று.

போன வாரம் ஒரு தப்பு செய்துவிட்டேன். கேட்டுக்கு வாங்கிய தின்னரில் குடை பிடித்த ஒரு குட்டிப் பெண்ணைப் போட்டேன். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பெண் இல்லை, அடியில் ஒரு பசைதான் இருந்தது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மீதி எதிலும் கை வைக்கப் பயமாக இருக்கிறது. இன்னொன்று, ஒரு இடையனின் முழங்கையில் செதில் போன இடத்தில் உள்ளே சிவப்பு தெரிகிறது. அது என்ன?

வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரு பூனை, முற்றத்தில் கிணறு. அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் கிரில்:

அக்கா, நான் கேட், கிரில் வேலை செய்கிறவன். பழைய ஜன்னல் கம்பியில் எனாமல் எடுக்க நாங்கள் காஸ்டிக் சோடாத் தண்ணீர்தான் பயன்படுத்துவோம். ராத்திரி ஊறவைத்தால் காலையில் பெயிண்ட் தோல் மாதிரி கழன்று வரும். உலோகச் சிப்பாய்க்கு அது போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அது ஈயமாக இருந்தாலும் பயப்பட ஒன்றும் இல்லை, ஈயச் சொம்பில் ரசம் வைத்துத்தானே குடிக்கிறோம்.

கோட்டாறு குடில்காரர்:

தங்கச்சி, 27 வருடமாக ஐப்பசி பிறந்தால் என் வீட்டுத் திண்ணை முழுக்க மற்றவர்களின் பொம்மைகள்தான். வீட்டுக் குடில், குருசடிச் சொரூபம், ரயில் செட் வைத்திருக்கிற பையன்களின் ஆட்கள் எல்லாம் வரும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சொன்ன காஸ்டிக் சோடா இரும்புக்குச் சரி. ஆனால் உங்கள் சிப்பாய் இரும்பு இல்லை. ஈயம், வெள்ளீயம், துத்தநாகம், அலுமினியம் எல்லாவற்றையும் காஸ்டிக் அரிக்கும். மூக்கு நுனி, துப்பாக்கி முனை மாதிரி மெல்லிய இடம்தான் முதலில் போகும். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகள் ஓடும் வீட்டில் அந்த வாளியே வேண்டாம்.

மருந்தைப் பற்றி அப்புறம் பார்க்கலாம். முதலில் பிரித்து வையுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, பிளாஸ்டிக் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு, மூழ்க வேண்டியதும் மிதக்கும். மிதப்பது பாலிதீன். மூழ்குவது அநேகமாக பாலிஸ்டைரீன். உங்கள் அப்பா கொடுத்த கோட்டின் கனத்தில் பாலிதீனும் மூழ்கலாம். அப்போது வாலையோ கொம்பையோ லேசாக வளைத்துப் பாருங்கள். வளைந்து திரும்பி வந்தால் பாலிதீன்தான். உங்கள் ஆடு மாடுகள் அந்த இனம் என்று நினைக்கிறேன். அவற்றுக்கு மருந்தே வேண்டாம். பாலிதீனில் எந்தப் பெயிண்டும் மனசு வைத்து ஒட்டாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு, மறுநாள் மெல்ல வளைத்து பிரஷ் போட்டால் பொடிப்பொடியாக உதிரும்.

குடைக்காரப் பெண் ஏன் கரைந்தாள் என்றால், இரண்டு சென்டிமீட்டர் ஆட்கள் 87-இல் ஒரு பங்கு அளவில் செய்த ரயில் செட் ஆட்கள், பாலிஸ்டைரீன். குடில் மலைக்கு வாங்குகிற தெர்மோகோலும் அதே சரக்குதான், காற்று அடைத்தது. தெர்மோகோல் மேல் தின்னர் விட்டால் குழி விழுந்து காணாமல் போகும், பார்த்திருப்பீர்கள். தின்னர், அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் நான்கையும் பிளாஸ்டிக் பக்கமே கொண்டுபோகாதீர்கள். டர்பன்டைன் போதுமே என்று யாராவது சொல்வார்கள். எனாமல் ஈரமாக இருக்கும்போதுதான் டர்பன்டைன் அதைக் கரைக்கும். காற்றுப் பட்டு வருடக்கணக்கில் இறுகிய பிறகு அதற்கு ஒன்றும் ஆகாது.

அந்தச் சின்ன ஆட்களுக்கு நான் பயன்படுத்துவது டெட்டால். காயத்துக்குப் போடுகிற அதே காவி நிற டெட்டால், தண்ணீர் சேர்க்காமல். வாய் அகன்ற கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ஆட்களை ஒரு ஸ்டீல் டீ வடிகட்டியில் வைத்து இறக்குங்கள். ஒரு பகல் ஒரு ராத்திரி போதும். அந்த வடிகட்டி திரும்ப அடுக்களைக்குப் போகக் கூடாது.

இதில் எல்லோரும் கெடுத்துக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. எடுத்ததும் குழாயடிக்கு ஓடக் கூடாது. பாதி இளகிய பெயிண்ட்டில் தண்ணீர் பட்டால் அது பலாப்பால் மாதிரி ஆகிவிடும். பிரஷ்ஷில், விரலில், பொம்மையின் மடிப்பில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். டெட்டாலுக்குள்ளேயே பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, இன்னொரு கிண்ணத்துப் புது டெட்டாலில் அலசி, பெயிண்ட் முழுவதும் போன பிறகுதான் சோப்பும் தண்ணீரும். அப்படி ஒட்டிவிட்டால் பதற வேண்டாம், திரும்ப டெட்டாலில் போட்டால் இளகும்.

நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் சேர்க்காத டெட்டால் தோலைப் புண்ணாக்கும். பூனையை அந்தப் பக்கம் விடவே கூடாது. அதன் உடம்புக்கு டெட்டால் நஞ்சு, காலில் பட்டு நக்கினால்கூடப் போதும். மீனுக்கும் நஞ்சு. அதனால் கழிவைக் கிணற்றடியிலோ குளத்துக்குப் போகிற ஓடையிலோ கொட்டாதீர்கள். துணியில் வடிகட்டினால் அதே டெட்டால் இரண்டு மூன்று தடவைக்கு உதவும்.

ரெசின் செட் வேறு கதை. அநேகமாக அதன் மேல் இருப்பது கடையிலேயே அடித்த அக்ரிலிக், அதற்கு மேல் அப்பாவின் எனாமல். ரெசினை எதிலும் ராத்திரி முழுக்க ஊறவைக்கக் கூடாது, உள்ளே இழுத்துக்கொண்டு மெழுகு மாதிரி இளகும். செல்போன் ரிப்பேர் கடைக்காரர்கள் போர்டு துடைக்க ஐபிஏ வைத்திருப்பார்கள், ஐசோப்ரோபைல் ஆல்கஹால். அது வாங்கிக்கொள்ளுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் சேர்க்கிற பிசுக்கு பொம்மையில் தங்கும். முதலில் பீடத்தின் அடியில் ஒரு சொட்டு வைத்துப் பத்து நிமிடம் கழித்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுக்காவிட்டால் பொம்மையைப் பத்து நிமிடம் முக்கி, எடுத்துத் தேய்த்து, மறுபடி பத்து நிமிடம். வராத இடத்தை வராமலே விட்டுவிடலாம், மேலே வேறு வண்ணம் வரத்தானே போகிறது. சுடுதண்ணீர் கூடாது, கை விரல் எல்லாம் வளைந்துபோகும்.

ஒட்டகத்தை எதிலும் முக்காதீர்கள். பிளாஸ்டர் தண்ணீரைக் குடித்து ஊறிப்போகும். தூசி தட்டி மேலே வண்ணம் மட்டும் கொடுங்கள்.

உலோகச் சிப்பாய்களை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் அந்தச் சிவப்பு. அது கம்பெனியில் அடித்த முதல் பெயிண்டாக இருக்கலாம், சிவப்புச் சட்டைச் சிப்பாய். அப்பாவின் பெயிண்டைக் கரைக்கிற எந்த மருந்தும் அதற்கு அடியில் இருப்பதையும் சேர்த்தே கரைக்கும். ஒன்றை விட்டு ஒன்றை எடுக்கத் தெரிந்த மருந்து கிடையாது. ஆகையால் 11 பேரையும் பீடத்தின் ஓரத்தில் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பழைய நிறம் இருந்தால் ஊறப்போடாமல் கையால்தான் எடுக்க வேண்டும். தென்னை ஈர்க்கின் நுனியைச் சரிவாகச் சீவிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்து, செதில் போன இடத்திலிருந்து மெல்ல நெம்புங்கள். ஈயத்தைவிட ஈர்க்கு மென்மை, கீறாது. பளபளப்பான பழைய பெயிண்ட் மேல் அடித்தது சரியாகப் பிடித்திருக்காது, தகடு தகடாக வரும். ஒரு பொம்மைக்கு இரண்டு மாலை ஆகும்.

அடியில் வெறும் உலோகம் என்றால் அசிட்டோன். கண்ணாடி பாட்டில், உலோக மூடி, திறந்த வெளி. ஒட்டிய கை கால் இருந்தால் பசையும் கரைந்து தனியாக வரும், எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அசிட்டோனின் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்துபோய் அடுப்பைத் தொடும். வீட்டில் அடுப்பு எரியும் நேரத்தில் பாட்டிலைத் திறக்காதீர்கள். நைட்ரைல் கையுறை இதற்குத் தாங்காது, இடுக்கியால் எடுங்கள்.

லேப் அக்கா:

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். குடில்கார அண்ணன் நன்றாகச் சொல்லிவிட்டார். ஈயம் பற்றி மட்டும் நான் சொல்ல வேண்டும்.

தம்பி, ரசச் சொம்பு வெள்ளீயம். பழைய பொம்மைச் சிப்பாயில் இருப்பது காரீயம். நம் பேச்சில் இரண்டுக்கும் ஈயம் என்ற ஒரே பெயர் இருப்பதால் வருகிற குழப்பம் இது. ஒன்றில் சமைக்கலாம், மற்றது விஷம். பெயிண்ட் போன ஓரத்தை வெள்ளைத் தாளில் இழுத்துப் பாருங்கள். பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தால் காரீயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உலோகம் மட்டும் இல்லை, பெயிண்டும் சந்தேகத்துக்கு உரியதுதான். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் அப்பா அடித்த கோட்டுகள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை. ஆகவே உப்புத்தாள் போடாதீர்கள், உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். எல்லாம் ஈரத்தோடு. கீழே செய்தித்தாள் விரித்து, முடிந்ததும் அப்படியே சுருட்டி ஒரு மூடிய டப்பாவில் போடுங்கள். திடக்கழிவு விதிப்படி பெயிண்ட் கழிவை மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் நக இடுக்கு வரை சோப்பு போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு. பிள்ளைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருக்கலாம் என்று ஒரு பாதுகாப்பான அளவே கிடையாது. அதனால் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பதும் வேண்டாம், அவர்கள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் செய்யுங்கள்.

குத்துவிளக்கு தேய்க்கிற பழக்கத்தில் சிப்பாயைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். வினிகரும் கூடாது. புளிப்பு காரீயத்தை அரிக்கும். எங்காவது வெள்ளையாக மாவு பூத்திருந்தால் அதுவும் ஈயத்தின் உப்புதான். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். மர அலமாரியில் அடைத்து வைத்தால் மரத்திலிருந்து வருகிற அமில ஆவியே அந்த மாவைப் பூக்க வைக்கும். பிஸ்கட் டின்னில் வைத்ததில் உங்கள் அப்பா சரியாகத்தான் செய்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று. கடையில் பெயிண்ட் ரிமூவர் என்று கேட்டு வாங்காதீர்கள். அந்த வகையில் பலவற்றில் மெத்திலீன் குளோரைடு உண்டு. மூச்சில் போனால் உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவில் 2019-லேயே வீட்டு உபயோகத்துக்கு அதை விற்கத் தடை போட்டார்கள்.

குளச்சல் 1741:

அக்கா, நான் குளச்சல் போரை 28 மில்லிமீட்டர் பொம்மைகளில் செய்துகொண்டிருக்கிறேன், டச்சுக்காரர்கள் ஒரு பக்கம், மார்த்தாண்ட வர்மாவின் படை ஒரு பக்கம். டச்சுப் படைக்குப் பழைய பிளாஸ்டிக் சிப்பாய்களைத்தான் கழற்றி எடுத்தேன். டெட்டாலில் வராத இரண்டு பேரை பிரேக் ஆயிலில் போட்டேன். அதில் டாட் 3 என்ற வகை வேலை செய்யும், டாட் 5 வகை சிலிக்கோன் ஆயில் என்பதால் அதற்குப் பெயிண்ட் அசையாது. ஆனால் நான்கு நாள் மறந்து விட்டதில் ஒருவனின் வாள் தொட்டதும் ஒடிந்தது. தோல் வழியாகவும் உடம்பில் ஏறும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். திரும்ப அதைத் தொடவில்லை. நீங்களும் வேண்டாம்.

கருங்கல்காரி:

ஒன்பது நாள் ஆயிற்று. எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்கிறேன்.

ஆடு மாடுகள் குடில்கார அண்ணன் சொன்ன மாதிரியே சோப்புத் தண்ணீரில் தோல் உரிந்தன. உள்ளே கறுப்பு வெள்ளை மாடு என்று நினைத்திருந்தேன். வெறும் தவிட்டு நிறப் பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக் ஆட்கள் 23 பேரும் ஒரு பகல் ஒரு ராத்திரி டெட்டாலில் இருந்தார்கள். வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. மூன்று பேருக்கு இரண்டாவது ராத்திரி தேவைப்பட்டது. அவ்வளவு படித்தும் ஒருவனை மறதியில் தண்ணீரில் காட்டிவிட்டேன், அண்ணன் சொன்ன பலாப்பால்தான். திரும்பப் போட்டு எடுத்தேன். பெயிண்ட் போன பிறகு ஒருவர் கையில் சூட்கேஸ், ஒருவர் கையில் மடித்த செய்தித்தாள், ஒரு அம்மாவின் இடுப்பில் குழந்தை. முப்பது வருடமாக இவர்களைக் குடிலில் பார்த்திருக்கிறேன், அந்தக் குழந்தை இருப்பது எனக்குத் தெரியாது.

ரெசினில் மாதா, சூசையப்பர், பாலன் மூவரும் நல்லபடியாக வந்துவிட்டார்கள். மேல் எனாமல் பட்டை பட்டையாகப் பிரிந்தது, சில மடிப்புகளில் மட்டும் நின்றுவிட்டது. ஒரு ராஜாவைப் பத்து நிமிடம் என்று போட்டுவிட்டு போன் பேசப் போய்விட்டேன். வந்து பார்த்தபோது கிரீடம் பிசுபிசு என்று இருந்தது. தொடாமல் இரண்டு நாள் காற்றில் வைத்தேன், இறுகிவிட்டது.

சிப்பாய்களில் ஏழு பேருக்கு அடியில் வெறும் உலோகம். அப்பா ஏதோ ஒரு வருடம் உப்புத்தாள் போட்டிருக்கிறார். அவர்களை மாமரத்தடியில் அசிட்டோனில் போட்டேன், மணிக்கணக்காக மூன்று தடவை. தாளில் சாம்பல் கோடு விழுந்தது. எல்லோருக்கும் தொப்பி உச்சியில் ஊசி அளவு ஓட்டை இருக்கிறது, ஆட்டினால் உள்ளே திரவம் குலுங்குகிறது. இது உடைசலா?

மற்ற நான்கு பேர் சிவப்பு. ஈர்க்கால் மூன்று பேரை முடித்துவிட்டேன். சிவப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, கன்னத்தில் ஒரு புள்ளி ரோஸ் நிறம். நான்காவது ஆள்தான் முழங்கையில் சிவப்பு தெரிந்த இடையன். அவன் முதுகில், பெயிண்ட் காயும் முன்னே அப்பா பிடித்துத் தூக்கிய கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. அவனைத் தொடவில்லை. அவன் இடையனாகவே இருக்கட்டும்.

இனி இவற்றுக்கு எப்படி வண்ணம் கொடுப்பது? குடிலில் வைத்தால் பிள்ளைகள் எடுப்பார்களே?

கோட்டாறு குடில்காரர்:

கிரீடம் இறுகியது நல்ல செய்தி, தங்கச்சி. கட்டைவிரல் ரேகைக்கு மேலே வார்னிஷ்கூட வேண்டாம்.

ஓட்டை உடைசல் இல்லை. உள்ளே கூடாக வார்க்கிற முறை அது. உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவில் இருப்பதை வெளியே கவிழ்த்துவிடுவார்கள். லண்டனில் வில்லியம் பிரிட்டன் 1893-இல் பொம்மைச் சிப்பாய்களுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தார். அவர்கள் கம்பெனி 1966 வரை ஈயத்தில் வார்த்தது. உங்களுடையது யார் செய்தது என்று பீடத்தின் அடியில் எழுத்து இருந்தால்தான் சொல்ல முடியும். உள்ளே நின்ற அசிட்டோன் முழுக்கப் போக, தலைகீழாக வைத்து இரண்டு நாள் வெளியில் விடுங்கள். ஈரம் இருக்கும்போது வண்ணம் கொடுத்தால் ஓட்டை வழியாகக் கசிந்து முகத்தைக் கெடுக்கும்.

வண்ணத்துக்கு முன் ஒட்டகம் தவிர, வண்ணம் கொடுக்கப்போகிற எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் ஒரு தடவை கழுவிக் காயவைத்து, மெல்லிய பிரைமர் ஒரு கை. பிறகு தண்ணீரில் கலக்கிற அக்ரிலிக், பால் பதத்தில், இரண்டு தடவை. ஒரே தடவையில் கனமாக அடித்தால் முகம் மறுபடி மூடிவிடும். ஏழு சிப்பாய்க்கும் கடைசியில் வார்னிஷ் இரண்டு கோட் கொடுங்கள், கையில் ஈயம் படுவது குறையும். ஆனாலும் அது பிள்ளைகள் விளையாடுகிற பொம்மை இல்லை. குடிலின் பின்வரிசையில், மலை மேல், கை எட்டாத உயரத்தில் வையுங்கள். முன்வரிசைக்கு ஆடு மாடு போதும், அதை எடுத்து விளையாடட்டும்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து குடிலைக் கலைக்கும்போது சிப்பாய்களை நீங்களே எடுங்கள், வைக்கோலோடு சேர்த்துப் பிள்ளைகளை அள்ளவிடாதீர்கள். பழைய தாளில் தனித்தனியாகச் சுற்றி, அதே பிஸ்கட் டின்னில் வையுங்கள்.